மாமியார் சைக்கிள்

சன்னலோரம் நீங்க ஒக்காருங்க அண்ணாச்சி, எனக்கு வெயில் ஆகாது. திருநெல்வேலிக்கா? நானும் அங்கதான். கலெக்டர் ஆபீஸ்ல ஒரு சோலி. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காவ. அது என்ன கையில, ஹால் டிக்கெட்டா? மகனுக்கா? சர்க்கார் பரீட்சையா? எழுதட்டும், எழுதட்டும். நல்லாப் படிப்பானா? திறமைக்காரனா? சரி, சரி. கோவிச்சிக்கிடாதிய, சிரிப்பு வந்துட்டு. திறமைன்னு யாரு சொன்னாலும் எனக்கு இப்பல்லாம் சிரிப்புதான் வருது.

எம்பேரு வெயிலுமுத்து. எங்க தாலுகா ஆபீஸ்ல ஆபீஸ் அசிஸ்டெண்ட்டு. முன்னால பியூன்னு சொல்லுவாவ, இப்ப அப்படிச் சொல்லக்கூடாதாம். என்ன சொன்னா என்ன, வேலை ஒண்ணுதான். முப்பத்தோரு வருசம். பதினாலு தாசில்தாரைப் பாத்துட்டேன். வரும்போது ஒவ்வொருத்தனும் உலகத்தையே திருத்த வந்தவன் கணக்கா வருவான். மூணு மாசம் கழிச்சி, "வெயிலுமுத்து, இதுக்கு இங்க என்ன வழக்கம்?"னு எங்கிட்டதான் வந்து கேப்பான். நான் சொல்லிக் குடுப்பேன். ஒத்தப் பைசா கை நீட்டி வாங்குனது கெடையாது, அதையும் கேட்டுக்கிடுங்க. வாங்குற நாய்களக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் செஞ்சதெல்லாம் ஒத்தாசை.

என்ன ஒத்தாசையா? சொல்லுதேன். பஸ் எடுக்க இன்னும் நேரம் கெடக்கு. டிரைவர் டீக்கடையில நிக்கான் பாருங்க.

தலையாரி வேலைக்கு ஆள் எடுப்பாவல்லா, அதை தாசில்தார்தான் எடுக்கணும். இப்ப கிராம உதவியாளர்ங்காவ. மொதல்ல படிக்கச் சொல்லுவாவ, பொறவு எழுதச் சொல்லுவாவ, கடைசியா சைக்கிள் ஓட்டச் சொல்லுவாவ. நம்ப மாட்டேங்கிய பாத்தியளா! சத்தியமா சைக்கிளுக்கு மார்க்கு உண்டு. எங்க ஆபீஸ்ல பத்து மார்க்கு. கொடிக்கம்பத்துகிட்ட ஏறி, வாசல் வேப்பமரத்தைச் சுத்தி, கால் ஊனாம திரும்பி வரணும். ஒருவாட்டி ஊனுனா ரெண்டு மார்க்கு போச்சி. விழுந்தா முட்டை. பதினெட்டு வருசமா அந்தப் பரீட்சையை நடத்துறது நான்தான். தாசில்தாரு நாற்காலியில இருந்து மார்க்கு போடுவாரு, அவ்வளவுதான்.

ஆபீஸ்ல ரெண்டு சைக்கிள் உண்டு. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும், பச்சை கலரு, நடுவுல கம்பி கெடையாது. ஒண்ணுக்கு மாப்பிள்ளைன்னு பேரு, இன்னொண்ணுக்கு மாமியார்னு பேரு. பேரு நான் வச்சதுதான். மாப்பிள்ளை சைக்கிள் சொன்னபடி கேக்கும். மாமியார் கேக்காது. அதுல என்ன வித்தைன்னா, ஹேண்டிலுக்கு நடுவுல தலையில ஒரு நட்டு இருக்கும்லா, அதை ரெண்டு சுத்து தளத்திட்டு மேல லேசா ஒரு தட்டு தட்டணும். பொறவு நேரா ஓட்டுனா ஒண்ணும் தெரியாது. வேப்பமரத்துகிட்ட போயி ஹேண்டிலைத் திருப்புவான் பாருங்க, ஹேண்டில் மட்டும் திரும்பும், வீலு அது பாட்டுக்கு நேராப் போவும். எப்பேர்ப்பட்ட கொம்பனும் அங்ஙன விழுந்துருவான்.

முறைக்காதிய அண்ணாச்சி. முழுசையும் கேளுங்க. வேலை யாருக்குன்னு காலையிலயே சீட்டு வந்துரும். அந்தப் பெரிய மனுசரு சொன்னாரு, இந்த ஐயா சொன்னாருன்னு எழுதி வந்துரும். சீட்டுல பேரு இருக்கவனுக்கு மாப்பிள்ளை, இல்லாதவனுக்கு மாமியார். எல்லாம் முடிவாயிட்ட பொறவு, கெடைக்காத பயலுவ மனசு ஒடஞ்சி போவப்படாதுல்லா? எம்.ஏ படிச்சவன், எம்.காம் படிச்சவன், எல்லாம் தலையாரி வேலைக்கு வந்து நிக்கான். ஒண்ணும் இல்லாம வெரட்டி விட்டா மனு எழுதுவான், கோர்ட்டுக்குப் போவான். சைக்கிள்ல விழுந்தா? "சே, நமக்குத்தான் ஓட்டத் தெரியல"ன்னு மண்ணைத் தட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவான். யாரையும் வைய மாட்டான். பதினெட்டு வருசத்துல ஒருத்தன் மனு எழுதுனது இல்ல. இது ஒத்தாசை இல்லாம வேற என்ன?

வீட்டுல ராத்திரி சோறு சாப்பிடும்போது இதைச் சொன்னா எம் பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிப்பா. எம் மவ மட்டும் சிரிக்க மாட்டா. மாரிக்கனின்னு பேரு. ஒத்தப் பிள்ளை. பி.எஸ்ஸி கணக்கு. எந்நேரமும் புஸ்தகமும் கையுமா இருப்பா. நாலு வருசமா என்னென்னமோ பரீட்சை எழுதுதா, அரை மார்க்குல போச்சி, ஒரு மார்க்குல போச்சின்னு வந்து நிக்கா. "ஏட்டி, நீ படிச்சிக் கிழிச்சது போதும்"னு சொல்லுவேன். அப்பதான் எங்க ஊருக்கே தலையாரி எடம் ஒண்ணு காலியாச்சி. வீட்டுல இருந்து கூப்புடு தூரம். அவளே மனு போட்டுட்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சரி, பிள்ளைக்கு நாமதானே செய்யணும்னு தாசில்தாருகிட்ட போனேன். முப்பத்தோரு வருசத்துல எனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதான். "செஞ்சிருவோம் வெயிலுமுத்து"ன்னாரு. சீட்டுல எம் மவ பேரு.

எல்லாம் சரியாப் போயிருக்கும். இந்தத் தடவை புதுசா பார்வையாளர்னு ஒருத்தி வந்தா. வேற ஜில்லா துணை கலெக்டர். இந்திராணின்னு பேரு. ஆள் எடுக்கும்போது தப்பு நடக்கப்படாதுன்னு மேல இருந்து அனுப்பிச்சாவளாம். சேலைக்குக் கீழ கேன்வாஸ் ஷூ போட்டிருந்தா அண்ணாச்சி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையளு போடுமே, அது. தண்ணியும் சோறும் கையோட கொண்டாந்துட்டா. நம்ம டீயைக்கூட தொடல. தாசில்தாரு பிரியாணி சொல்லியிருந்தாரு, வேண்டாம்னுட்டு தயிர்சோத்தைத் தின்னுச்சி. பிரியாணி வேண்டாங்கிறவகிட்ட எவன் என்னத்தைப் பேச முடியும்?

வந்ததும் சட்டம் பேச ஆரம்பிச்சா. படிக்கிற தாளை அவளே ஒட்டுன கவர்ல கொண்டாந்தா. எழுதுறதுக்கு அவளே வாசிச்சா. பென்சிலைத் தூரப் போட்டுட்டா. எங்க ஆபீஸ்ல மார்க்கு எப்பவும் பென்சில்லதான் போடுவோம், சாயங்காலம் சீட்டைப் பாத்துட்டு பேனாவுல ஏத்துவோம். அந்தம்மா, வந்த பிள்ளை முன்னாலயே பேனாவுல மார்க்கு போடணும்னுட்டா. போட்ட மார்க்கை அரை மணி நேரத்துல வாசல் போர்டுல ஒட்டணும்னுட்டா. போர்டுல ஒட்டிச்சாம், நான் போயி பாக்கல. எதுக்குப் பாக்கணும்? சீட்டு வந்த வேலைக்கு மார்க்கைப் போயி எவனாவது பாப்பானா?

இன்னொரு கிறுக்குத்தனம் பண்ணுனா. பரீட்சை வேலையில இருக்க எல்லாரும் ஒரு தாள்ல கையெழுத்து போடணுமாம். என் சொந்தக்காரவுக யாரும் இந்தப் பரீட்சைக்கு வரலன்னு. போட்டேன். வெயிலுமுத்துன்னு எங்க தாலுகாவுல நூறு பேரு இருக்கான், அவளுக்கு என்ன தெரியவா போவுது? மவகிட்ட மட்டும் வீட்டுலயே சொல்லிட்டேன், அங்ஙன வந்து எங்கூடப் பேசப்படாது, மொகத்தைப் பாக்கப்படாதுன்னு. சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. அவ கொணம் அது.

இப்ப பாருங்க வேடிக்கையை. இம்புட்டு பூட்டு போட்டவ, சைக்கிளை விட்டுட்டா! எல்லாத்தையும் நோண்டுனா, வேப்பமரத்தடியில நின்ன சைக்கிளை மட்டும் ஏறிட்டுப் பாக்கல. படிச்ச கழுதைகளுக்கு நட்டு, போல்ட்டு எல்லாம் கண்ணுக்குத் தெரியாது அண்ணாச்சி. தாசில்தாரு என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். எனக்கு மனசுக்குள்ள ஒரே சிரிப்பு.

பதினொரு பேரு. எம் மவ கடைசி. மத்த பத்து பேருக்கும் மாமியாரைக் குடுத்தேன். ஒவ்வொருத்தனா போறான், மரத்துகிட்ட விழுதான். ஒருத்தன் பல்லைக் கடிச்சிக்கிட்டு எந்திரிச்சி வந்து, "சைக்கிள்ல ஏதோ கோளாறு இருக்கு சார்"னான். "ஒனக்குத்தான் கோளாறு, போவே"ன்னேன். ஏழாவதா ஜெபராணின்னு ஒருத்தி. உப்பளத்துக்காரன் மவ. எங்க ஊருதான், எம் மவகூட ஒண்ணாப் படிச்சவ. முட்டியெல்லாம் ரத்தம். சுடிதார் கிழிஞ்சி தொங்குது. எந்திரிச்சி நின்னு, "மறுபடி ஓட்டலாமா மேடம்?"னு கேக்கா. ஒருவாட்டிதான்னு தாசில்தாரு சொல்லிட்டாரு. எம் மவ ஓடிப்போயி அவளைப் புடிச்சி ஒக்கார வச்சா. எனக்கு வந்த கோவம்! அவதான் போட்டிக்கு நிக்கா, இவ போயி முட்டிக்குத் தண்ணி ஊத்துதா.

அப்பதான் அந்த இந்திராணி நாற்காலியை விட்டு எந்திரிச்சி மரத்துகிட்ட வந்து நின்னா. "எல்லாரும் ஒரே எடத்துல விழுறாங்களே"ன்னா. "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியல மேடம், எல்லாம் ஸ்கூட்டி"ன்னேன். "அந்த சைக்கிள் எதுக்கு சும்மா நிக்குது?" "அது ஸ்பேர் மேடம்." கையைக் கட்டிக்கிட்டு அங்ஙனயே நின்னா.

மாரிக்கனி முறை வந்துச்சி. நான் மாப்பிள்ளையை உருட்டிக்கிட்டு வந்தேன். "மத்ததுல செயின் கழண்டுட்டு மேடம்"னு ஒரு வார்த்தையும் சொல்லி வச்சேன். என் சாமர்த்தியம் யாருக்கு வரும்? இவ என்ன பண்ணுனா தெரியுமா? சைக்கிளைத் தொடல. என்னைப் பாக்கல. அந்தம்மாவைப் பாத்து, "எல்லாரும் ஓட்டுன சைக்கிள்தான் மேடம் எனக்கும் வேணும்"ங்கா.

கூறு கெட்டவ! கைக்கு வந்த சோத்தைத் தட்டி விடுதா. அந்தம்மா எம்பக்கம் திரும்பி, "கேக்குறாங்கல்ல, குடுங்க"ன்னா. நான் என்ன பண்ண? மாமியாரைக் கொண்டாந்து நிறுத்துனேன்.

ஸ்பானர் பேண்ட் பாக்கெட்டுலதான் இருந்துச்சி. நட்டை ரெண்டே சுத்து இறுக்கணும். கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும். ஆனா அந்த இந்திராணி ரெண்டு முழத்துல நிக்கா, சுத்தி பத்து பேரு முட்டியில ரத்தத்தோட நிக்கான். அந்நேரம் ஸ்பானரை எடுத்தா என்ன அர்த்தம்? பதினெட்டு வருசம் அண்ணாச்சி! பதினெட்டு வருசத்துல எத்தனை பேரு, எத்தனை சீட்டு. எல்லாம் வெளிய வரும்லா? ஓய்வுக்கு நாலு மாசம் கெடக்கு. நீங்களா இருந்தா எடுப்பியளா?

பிள்ளை ஹேண்டிலைப் புடிச்சிக்கிட்டு நிக்கா. ஏறல. அப்பதான் என்னைப் பாத்தா. பயந்துட்டா போல, கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சி. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னா. "ஏறட்டுமா?"ன்னு கேட்டா. மெதுவாத்தான் கேட்டா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி.

"ஏறும்மா, ஒண்ணும் ஆகாது"ன்னேன்.

ஏறுனா. நல்லாத்தான் போனா. மரத்துகிட்ட திரும்புனா. வீலு நேராப் போயி வேப்பமரத்து வேர்ல முட்டி, அவ இடது கையைக் கீழ குடுத்து விழுந்தா. ஒரு சத்தம் கேட்டுச்சி, குச்சி ஒடிஞ்ச மாதிரி. மணிக்கட்டு.

நான் ஓடத்தான் போனேன். அதுக்குள்ள அந்தம்மா போயி தூக்கிட்டா. தூக்கும்போதே கேக்கா, "சைக்கிள்ல என்ன கோளாறு?"ன்னு, எம்பக்கம் திரும்பி. "ஒரு கோளாறும் இல்ல மேடம்"ன்னேன். விழுந்த எம் மவ சொல்லுதா, வலியில பல்லைக் கடிச்சிக்கிட்டு: "ஹேண்டில் நட்டு தளந்திருக்கு மேடம். ஸ்பானர் இவர் பாக்கெட்டுல இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு அந்தம்மா கேட்டா.

"இவரு எங்க அப்பா"ன்னுட்டா.

பெத்து வளத்து, பி.எஸ்ஸி வரைக்கும் படிக்க வச்சதுக்கு அவ காட்டுன நன்றி அது. அந்த எடத்துலயே எம் பாக்கெட்டைத் தடவி ஸ்பானரை எடுத்துட்டாவ. போட்டோ எடுத்தாவ. தாசில்தாரு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சைக்கிள் எல்லாம் இந்த ஆளு பொறுப்பு"ன்னு நாற்காலியைத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சிட்டாரு. பதினாலு தாசில்தார்ல இவன்தான் ஆம்பளன்னு நெனச்சிருந்தேன். அன்னைக்கு சாயங்காலமே எனக்கு சஸ்பென்ஷன். பின்னாலயே பதினேழு பி மெமோ, வேலையையே பறிக்கிற குற்றச்சாட்டு அது. இன்னைக்கு அதுக்குத்தான் போறேன், விசாரணை.

இருங்க, கதை இன்னும் முடியல. பொறவுதான் எனக்கு ஒண்ணு தெரிஞ்சிது. போர்டுல ஒட்டியிருந்தாவல்லா மார்க்கு, படிச்சதுக்கும் எழுதுனதுக்கும் சேத்து? நாற்பதுக்கு எம் மவ முப்பத்தெட்டு. அந்த ஜெபராணி முப்பத்தேழு. மத்தவன் எவனும் முப்பதைத் தாண்டல. எம் மவதான் மொதல் ஆளு. சீட்டே வேண்டியிருந்திருக்காது, மாமியாரும் வேண்டியிருந்திருக்காது, எல்லாருக்கும் நல்ல சைக்கிளைக் குடுத்திருந்தாலும் அவளுக்குத்தான் வேலைன்னு அந்தம்மா பெருசா வெளக்கம் சொல்லிச்சி. வந்துட்டா, சொல்லிக் குடுக்க! முன்னாலயே சொல்லியிருந்தா என்ன?

பதினஞ்சு நாள் கழிச்சி சைக்கிள் பரீட்சையை மட்டும் மறுபடி வச்சாவ. வாடகைக் கடையில இருந்து புது சைக்கிள் எடுத்தாந்து, எல்லாருக்கும் அந்த ஒண்ணே ஒண்ணு. நான் ரோட்டுக்கு எதிர்த்தாப்புல கடையில நின்னு பாத்தேன், உள்ள விட மாட்டாவல்லா. ஜெபராணி ஜம்முனு சுத்தி வந்துட்டா. பத்துக்குப் பத்து. எம் மவ இடது கையில மாவுக்கட்டோட வந்தா. இன்னும் ஒரு மாசம் கழிச்சி ஓட்டுதியான்னு அந்தம்மா கேட்டிருக்கா. மத்தவங்களைக் காக்க வைக்க வேண்டாம்னுட்டாளாம். ஒத்தக் கையில ஹேண்டிலைப் புடிச்சிக்கிட்டு ஓட்டுனா அண்ணாச்சி. மரத்தைச் சுத்திட்டா. திரும்பும்போது லேசா ஆடிச்சி, ஒரே ஒருவாட்டி கால் ஊனிட்டா. ரெண்டு மார்க்கு போச்சி. நாற்பத்தாறு. ஜெபராணிக்கு நாற்பத்தேழு.

ஒத்த மார்க்கு. அந்தக் கை மட்டும் சும்மா இருந்திருந்தா எம் பிள்ளைக்குத்தான் வேலை. யாரால போச்சி சொல்லுங்க? அந்தக் கேன்வாஸ் ஷூக்காரியாலதான் போச்சி. அவ பாட்டுக்கு நாற்காலியில இருந்திருந்தா எம் மவ மாப்பிள்ளையில ஏறி வந்திருப்பா, இன்னைக்கு சம்பளம் வாங்கியிருப்பா. நேர்மை, நேர்மைன்னு பேசி ஒரு பொம்பளப் பிள்ளை கையை ஒடிச்சிட்டுப் போயிட்டா. இதைக் கேக்க நாதி இல்ல இந்த நாட்டுல.

பஸ் எடுத்துட்டான். கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. இதைப் பாருங்க, விசாரணைக்கு எழுதிக் குடுக்குற பதில் மனு. எனக்கு எழுத்து கோணக்கோணயா வரும். மாரிக்கனி எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அன்னையில இருந்து எங்கூட ஒரு வார்த்தை பேசல அவ. ஆனாலும் நேத்து, "அப்பாவுக்கு இதை எழுதிக் குடு"ன்னதும் பேனாவை எடுத்துட்டு வந்து ஒக்காந்துட்டா. நான் சொல்லச் சொல்ல எழுதுனா. பேரு, சர்வீஸ் எத்தனை வருசம், இதுவரைக்கும் ஒரு மெமோ வாங்குனது இல்ல, எல்லாம் எழுதுனா. கடைசியா ஒண்ணு சொன்னேன். அது ஒண்ணு போதும், கேசு நிக்காது. வக்கீலுக்குக்கூட தோணியிருக்காது, ராத்திரி முழுக்க ரோசிச்சி நானே கண்டுபுடிச்சேன். அதைச் சொன்னதும் எழுதுற கையை நிறுத்திட்டா. பேனாவை மூடி மேசையில வச்சா. எந்திரிச்சி உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. பொம்பளப் பிள்ளைக்கு என்ன கொழுப்பு பாருங்க. பொறவு அந்தக் கடைசி வரியை நானே எழுதுனேன். இந்தா, இதுதான். எழுத்து புரியுதா? வாசிக்கேன் கேளுங்க.

"மேற்படி சைக்கிளில் கோளாறு இருப்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால், பெற்ற தகப்பனாகிய நான், என் சொந்த மகளை அதில் ஏறச் சொல்லிவிட்டு, பார்த்துக்கொண்டு நின்றிருப்பேனா என்பதைக் கனம் விசாரணை அதிகாரி அவர்கள் கருணையோடு கருதிப் பார்க்க வேண்டுகிறேன்."

எப்படி? சொல்லுங்க அண்ணாச்சி, ஒரு தகப்பன் நிப்பானா?